போன் சொல்றது 3 மணி நேரம்... ஆனா போய்ச் சேர ஒரு நாள்! அகத்தி - போர்ட் பிளேர் சொல்லும் தீவுக் கணக்கு

ஐயங்கார்குளத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். மதியம் மூன்று மணி இருக்கும். அவருடைய ஒரே மகன் போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறார். தகவல் சொல்லியாச்சு. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தர், "அங்கேர்ந்து இங்க எவ்ளோ தூரம் வரும்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பையன் போனை எடுத்துத் தட்டினான். "1,420 கிலோமீட்டர்ணே. பிளைட்ல ரெண்டு மணி நேரத்துக்குச் சொச்சம்" என்றான்.

"அப்போ ராத்திரி எட்டு, ஒன்பதுக்கு வந்துடுவான்" என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். மாலை வேண்டாம், ராத்திரி வந்ததும் முகம் பார்க்கட்டும், காலையில் எடுத்துவிடலாம் என்று பேச்சு.

அண்ணன் வந்து சேர்ந்தது மறுநாள் மதியம் மூன்றரை மணிக்கு. அவர் டிக்கெட் பார்க்க ஆரம்பித்தபோது அன்றைக்குப் பிடிக்கக்கூடிய கடைசி விமானமும் கிளம்பிப் போயிருந்தது. மறுநாள் காலை விமானம், சென்னை, அங்கிருந்து கார், காஞ்சிபுரம், ஊர். அதுவரைக்கும் அப்பா ஃப்ரீசர் பெட்டியில் காத்திருந்தார்.

போன் பொய் சொல்லவில்லை. தூரம் சரி, பறக்கும் நேரமும் சரி. ஆனால் அந்த இரண்டு எண்களையும் நம்பி ஊரே போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. ஏன்?

இத்தனைக்கும் போர்ட் பிளேர் - சென்னை என்பது நம் தீவுப் பாதைகளிலேயே சுலபமானது. ஒரு முனையில் பெருநகரம், நடுவில் நேரடி விமானம். இரண்டு முனையும் தீவாக இருந்தால் என்ன ஆகும்? வாங்க, ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம்.

அகத்தி... கீரை இல்லீங்க, தீவு!

உங்க போனில் ஏதாவது ஒரு தூரக் கணிப்பானைத் திறங்க. ஒரு பக்கம் 'போர்ட் பிளேர்' என்று போடுங்க. 2024 செப்டம்பரில் மத்திய அரசு அதற்கு 'ஸ்ரீ விஜயபுரம்' என்று பெயர் மாற்றிவிட்டது. ஆனாலும் பழைய பெயரில்தான் இன்னும் பலரும் தேடுகிறார்கள். இன்னொரு பக்கம் 'அகத்தி' என்று போடுங்க. லட்சத்தீவில் விமானம் வந்து இறங்கும் ஒரே தீவு அதுதான்.

விடை வரும்: சுமார் 2,240 கி.மீ. பறக்கும் நேரம் ஏறத்தாழ 3 மணி நேரம்.

இந்த எண் எப்படி வருகிறது? நம்ம காஞ்சிபுரத்துப் பட்டு இழை ஒன்றை எடுத்து, ஒரு உருண்டைத் தேங்காயின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தால் எந்த வழியில் படியுமோ, அதுதான் பூமியின் மேல் மிகக் குறுகிய பாதை. இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் அந்த நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம். அதை மணிக்கு 800 கி.மீ என்ற வேகத்தால் வகுத்து, ஏற இறங்க ஒரு அரை மணி நேரம் கூட்டினால் 'பயண நேரம்' ரெடி. உலகத்தின் எந்த இரண்டு விமான நிலையத்தைப் போட்டாலும் இதே கணக்குதான். அந்தப் பாதையில் விமானம் ஓடுகிறதா, இல்லையா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது.

போர்ட் பிளேருக்கும் அகத்திக்கும் நேரடி விமானம் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கற்பனைக் கோடு தமிழ்நாட்டின் மேலேயே போகிறது. அகத்தியில் கிளம்பி, மலப்புரம் கடற்கரையில் கரையேறி, கோவைக்குக் கொஞ்சம் வடக்கே நுழைந்து, நாமக்கல்லை ஒட்டி, அரியலூருக்கு வடக்கே கடந்து, சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவே வங்கக் கடலில் இறங்கும். அதாவது, அரபிக் கடல் தீவும் வங்கக் கடல் தீவும் கைகோக்கும் கோடு நம்ம தலைக்கு மேலே. ஆனால் அதில் பறக்க ஆளில்லை.

கூடுதல் தூரம் 125 கி.மீ, கூடுதல் நேரம் ஒரு நாள்

அப்போ நிஜத்தில் எப்படிப் போவது? வழக்கமான வழிகளில் ஒன்று இது: போர்ட் பிளேரிலிருந்து சென்னை, சுமார் 1,375 கி.மீ. சென்னையிலிருந்து கொச்சி, சுமார் 520 கி.மீ. கொச்சியிலிருந்து அகத்தி, சுமார் 470 கி.மீ. கூட்டினால் 2,365 கி.மீ.

நேர்கோட்டை விட வெறும் 125 கி.மீ-தான் அதிகம். நம்ம ஊரிலிருந்து சென்னைக்குப் போய்ப் பாதி வழி திரும்பி வரும் தூரம். வானத்தில் இருக்கும் நேரத்தைக் கூட்டினாலும் இரண்டேகால் மணி, ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று மொத்தம் 5 மணி நேரம்தான்.

ஆனால் காலையில் போர்ட் பிளேரில் கிளம்பியவர் அன்றைக்கே அகத்தியில் இறங்குவது கஷ்டம். சென்னையில் காத்திருப்பு. கொச்சியில் இரவுத் தங்கல். அகத்திக்குப் போகும் சின்ன விமானம் நாள் முழுக்க மணிக்கொன்றாகக் கிளம்புவதில்லை. அதைத் தவறவிட்டால் மறுநாள். ஆக, கதவிலிருந்து கதவுக்கு ஒரு நாளாவது ஆகும். ஏதாவது ஒன்று தாமதமானால் இரண்டு நாள்.

இதைத்தான் முதலில் புரிந்துகொள்ளணும். தீவுப் பயணத்தில் நேரத்தைத் தின்பது தூரமில்லை, காத்திருப்பு.

எங்க ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு இருக்கிறது. தரைக்குக் கீழே படியிறங்கிப் போனால் கல் மண்டபம், அதற்கு நடுவில் கிணறு. சாலையிலிருந்து சில பத்துப் படிகள்தான் தூரம். ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாள் மண்டபத்துக்குள் தண்ணீர் நிற்கும். சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் தண்ணீரை இறைத்து, காஞ்சி வரதராஜப் பெருமாள் அங்கே எழுந்தருளும்போதுதான் எல்லோரும் உள்ளே போய்ப் பார்க்க முடியும். சில படி தூரத்தில் இருப்பதைப் பார்க்க ஒரு வருஷம் காத்திருக்கணும். அகத்தி கதையும் கிட்டத்தட்ட அதேதான். எவ்வளவு தூரம் என்பதைவிட, வழி எப்போது திறக்கும் என்பதுதான் கேள்வி.

பறக்கிற விமானம் இறங்க முடியாது... இறங்குகிற விமானம் பறக்க முடியாது!

"சரி, ஒரு நேரடி விமானம் விட்டுட்டா தீர்ந்தது" என்று தோணுதா? அங்கேதான் சிக்கல்.

அகத்தி சுமார் 7 கி.மீ நீளமுள்ள மெல்லிய தீவு. அகலமான இடத்திலேயே ஒரு கி.மீ தேறும். அதன் தெற்கு முனையில், இரண்டு பக்கமும் கடல் தெரிய, ஏறத்தாழ 4,000 அடி நீள ஓடுபாதை இருக்கிறது. 1988-ல் டோர்னியர் என்ற குட்டி விமானத்துக்காகத் திறக்கப்பட்டது. இப்போது ஏ.டி.ஆர் போன்ற விசிறி வைத்த விமானங்கள் இறங்குகின்றன. நாம் சென்னை - மதுரைக்கு ஏறும் ஏர்பஸ், போயிங் போன்ற ஜெட் விமானங்கள் இறங்க அந்த நீளம் போதாது.

போர்ட் பிளேர் ஓடுபாதை அப்படியில்லை. 3 கி.மீ-க்கு மேல் நீளம். கடற்படையின் 'ஐ.என்.எஸ் உத்குரோஷ்' தளத்தோடு பகிர்ந்துகொள்ளும் இடம் அது. 2023 ஜூலையில் அங்கே புது முனையமும் திறந்தார்கள்.

இப்போ கணக்கைப் பாருங்க. 2,240 கி.மீ-ஐ ஒரே மூச்சில் கடக்க ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒரு ஜெட் வேணும். அதற்கு அந்தத் தூரம் சாதாரணம். ஆனால் அதனால் அகத்தியில் இறங்க முடியாது. ஏ.டி.ஆர் அகத்தியில் இறங்கும். ஆனால் முழுப் பயணிகளோடு அது சுமார் 1,400, 1,500 கி.மீ வரைதான் தாங்கும். வேகமும் மணிக்கு 500 கி.மீ அளவுதான். அதனால் போர்ட் பிளேர் வரை ஒரே மூச்சில் போக முடியாது.

ஓடுபாதை குட்டையாக இருப்பதில் இன்னொரு தலைவலி, எடை. பாதை சிறியதாக இருந்து, வெயிலும் ஏறிவிட்டால் விமானம் முழு எடையோடு எழும்ப முடியாது. சில சீட்டுகளைக் காலியாக விடணும், அல்லது லக்கேஜைக் குறைக்கணும். சின்ன விமானத்தில் பத்து சீட்டு காலி என்றால், மிச்சம் இருக்கிறவர்களின் டிக்கெட் விலையில்தான் அது ஏறும்.

கடைசியாக, கூட்டம். 2011 கணக்கெடுப்பின்படி லட்சத்தீவு முழுக்க மக்கள்தொகை 64,473 பேர். அந்தமான் நிக்கோபாரில் சுமார் 3.8 லட்சம் பேர். அகத்தியிலிருந்து போர்ட் பிளேருக்குத் தினமும் ஒரு விமானத்தை நிரப்ப யார் இருக்கிறார்கள்? அகத்திக்காரருக்கு ஆஸ்பத்திரி, காலேஜ், கோர்ட், மொத்தக் கடை எல்லாம் கொச்சியில். லட்சத்தீவுக்கான உயர் நீதிமன்றமே கேரள உயர் நீதிமன்றம்தான். போர்ட் பிளேர்காரருக்கு ஆஸ்பத்திரியும் கடையும் சென்னையில், உயர் நீதிமன்றம் கொல்கத்தாவில். இரண்டு தீவுகளும் கரையைப் பார்த்துத்தான் திரும்பி நிற்கின்றன. ஒன்றை ஒன்று பார்த்து நிற்கவில்லை.

2024 நவம்பரில் போர்ட் பிளேரிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு நேரடி விமானம் தொடங்கியபோது இந்த விசித்திரம் நன்றாகத் தெரிந்தது. அந்தத் தூரம் சுமார் 1,400 கி.மீ. சென்னைக்கு ஆகும் அதே தூரம்! வரைபடத்தில் மலேசியாவும் சென்னையும் போர்ட் பிளேருக்கு ஒரே தொலைவில் இருக்கின்றன. அங்கே வாழ்கிறவரின் நேரக் கணக்கில் அப்படியா இருக்கிறது?

ஒரே கடிகாரம், இரண்டு சூரியன்

இன்னொரு விஷயம். இரண்டு தீவுகளுக்கும் கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு வேறு.

போர்ட் பிளேர் கிழக்கே சுமார் 92.7 பாகையில் இருக்கிறது, அகத்தி 72.2 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். ஆக, இரண்டுக்கும் 82 நிமிட வித்தியாசம். டிசம்பர் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் மாலை 5 மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும். அகத்தியில் 6 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். சிறிய தீவு நிலையங்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தை நம்பி இயங்குபவை. நம்ம ஊரில் 'சாயங்காலம்' என்று நினைக்கிற நேரத்தில் அந்தமானில் இருட்டிவிடுகிறது. எங்கள் தெரு அண்ணனுக்குத் தகவல் போன மூன்று மணி, இங்கே மதியம். அங்கே சூரியன் சாயத் தொடங்கிய பொழுது.

காற்றும் சேர்ந்து விளையாடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலமான காற்று ஓடும். அதனால் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு வருவது கொஞ்சம் வேகமாகவும், அங்கே போவது கொஞ்சம் மெதுவாகவும் இருக்கலாம். அது நிமிடக் கணக்குதான். ஆனால் அதே பருவமழை மேகமாக வந்து ஓடுபாதையை மறைத்தால் நாள் கணக்கு. கரையில் என்றால் பக்கத்து ஊரில் இறக்கி பஸ்ஸில் அனுப்பலாம். தீவில் இறங்க முடியாவிட்டால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரணும்.

விமானத்தில் இறங்கினாலும் பயணம் முடிவதில்லை. லட்சத்தீவின் தலைநகர் கவரத்தி, அகத்தியிலிருந்து சுமார் 60 கி.மீ. படகிலோ ஹெலிகாப்டரிலோ போகணும். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது வேகப் படகுகள் நின்றுவிடும். கப்பல் என்றால் கொச்சியிலிருந்து தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு சுமார் 60 மணி நேரம்.

2025 டிசம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கா? இண்டிகோவின் விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தாகி, ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் நின்றுபோனது. பெங்களூரில் மாட்டிக்கொண்டவர்கள் ரயிலையும் பஸ்ஸையும் தேடி ஓடினார்கள். தீவில் இருக்கிறவருக்கு ஓட ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

53 விநாடியும் உண்டு, 5 நாளும் உண்டு

உலகத்தில் மற்ற தீவுகள் எப்படிச் சமாளிக்கின்றன?

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். இடையில் 2.7 கி.மீ. 1967-லிருந்து லோகன்ஏர் அங்கே விமானம் ஓட்டுகிறது. உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமானப் பாதை அது. அட்டவணையில் 2 நிமிடம். காற்று கைகொடுத்த ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்ததாகச் சாதனைக் குறிப்பு. எட்டுப் பேர் உட்காரும் குட்டி விமானம், சின்ன ஓடுபாதை. ஆசிரியர்களும் நோயாளிகளும் அதில்தான் போகிறார்கள். லாபத்துக்காக ஓடும் பாதை அல்ல அது. அரசுப் பணத்தின் துணையில் பொதுச் சேவையாக நடக்கிறது. நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரின்னு வச்சுக்குங்க.

எதிர்முனையில் தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா. நெப்போலியனைச் சிறை வைத்த தீவு. பல வருஷங்களாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கப்பலில் 5, 6 நாள் பயணம்தான் வழி. பிரிட்டிஷ் அரசு 28 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டி விமான நிலையம் கட்டியது. கட்டி முடித்த பிறகுதான் ஓடுபாதை முனையில் காற்று திடீர் திடீரென்று திசை மாறுவது பெரிய சிக்கலாகத் தெரிந்தது. திறப்பு தள்ளிப்போய், 2017 அக்டோபர் 14-ல்தான் முதல் வழக்கமான பயணிகள் விமானம் வந்து இறங்கியது. அங்கிருந்து இன்னொரு தீவான அசென்ஷனுக்கு சுமார் 1,300 கி.மீ. அந்தப் பாதையில் விமானம் தொடங்கியபோது மாதத்துக்கு ஒன்றுதான்! போனில் தட்டினால் 2 மணி நேரம் என்றுதான் வரும். அன்றைய விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த மாதம்.

இந்த இரண்டு கதையும் ஒன்றைத்தான் சொல்கின்றன. ஒரு தீவு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் கடல் மட்டும் முடிவு செய்வதில்லை. எவ்வளவு செலவு செய்து, யாருக்காக, எத்தனை முறை விமானம் விடலாம் என்று கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் எடுக்கும் முடிவும் அதில் இருக்கிறது.

தேடல் 3,400% ஏறியது... சீட்?

2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவுக்குப் போன படங்கள் வெளியானதும், மாலத்தீவு அமைச்சர்கள் சிலரின் பதிவுகளால் சண்டை வெடித்ததும் நினைவிருக்கும். 'மாலத்தீவு வேண்டாம், லட்சத்தீவு போவோம்' என்று ஊரே ரீல்ஸ் போட்டது. லட்சத்தீவுக்கான தேடல் தங்கள் தளத்தில் 3,400% கூடிவிட்டதாக மேக்மைட்ரிப் நிறுவனம் சொன்னது. அடுத்த மாதமே மத்திய இடைக்கால பட்ஜெட்டில் லட்சத்தீவு உள்ளிட்ட தீவுகளின் துறைமுகம், சுற்றுலா வசதிகளுக்கு அறிவிப்பு வந்தது. மார்ச்சில் கோவாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அகத்திக்குப் புது விமானங்கள் தொடங்கின.

நல்ல விஷயம்தான். ஆனால் தேடல் ஒரே வாரத்தில் 3,400% ஏறலாம். ஓடுபாதை ஒரு அடிகூட ஏறாது. அதே குட்டி விமானத்தின் அதே சில சீட்டுகளுக்கு இப்போது இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தர் விடுமுறைக்குப் போகிற நீங்களோ நானோ. இன்னொருத்தர் கொச்சி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கத் தேதி வாங்கியிருக்கும் தீவுக்காரர். விலை ஏற ஏற யார் பின்வாங்குவார் என்று சொல்லவே வேண்டியதில்லை. மிக அவசரமான நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த அளவுக்கு அவசரமில்லாத, ஆனாலும் போயே ஆகவேண்டிய நோயாளிக்கு டிக்கெட்டும் கப்பலும்தான் கதி.

ஓடுபாதை நீளணும்னா எதன் மேல் நீளும்?

"அப்போ ஓடுபாதையைப் பெருசா கட்டிடலாமே?" நியாயமான கேள்வி. அகத்தி ஓடுபாதையை நீட்டும் பேச்சு பல வருஷமாக இருக்கிறது. மினிக்காயில் புது விமான நிலையம் என்ற திட்டமும் பேசப்படுகிறது. ஆனால் ஒரு கி.மீ அகலம்கூடத் தேறாத தீவில் நீட்டுவதற்கு நிலம் எங்கே? மிச்சம் இருப்பது பவளப்பாறையும் கடலாமைகள் மேயும் ஆழமற்ற கடலும்தான். அந்தப் பவளம்தான் அலையைத் தடுத்துத் தீவைக் காப்பாற்றும் சுவர்.

கிரேட் நிக்கோபாரில் இதே கேள்வி இன்னும் பெரிய அளவில் நிற்கிறது. துறைமுகம், நகரம், மின்நிலையத்தோடு ஒரு சர்வதேச விமான நிலையமும் சேர்ந்த பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 130 சதுர கி.மீ காடு அதற்குப் போகிறது. ஷோம்பென் பழங்குடிகள் வாழும் தீவு அது. கலத்தியா விரிகுடா, ஏழுவரி ஆமைகள் முட்டையிட வரும் கரை. 'நாட்டுப் பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் அவசியம்' என்கிறது அரசு. 'இழந்தால் திரும்ப வராது' என்கிறார்கள் சூழலியலாளர்கள்.

இதையெல்லாம் தூரத்துத் தீவுக் கதை என்று தள்ளிவிட முடியாது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே நாங்கள் இருக்கிறோம், வடக்கே பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று 2022 ஆகஸ்ட்டில் அறிவிப்பு வந்தது. 13 கிராமங்கள், 5,000 ஏக்கருக்கும் மேல். 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதலும் கிடைத்துவிட்டது. ஏகனாபுரத்து மக்கள் தங்கள் ஏரியும் நஞ்சையும் போகிறதென்று வருஷக்கணக்கில் போராடுகிறார்கள். சென்னை விமான நிலையம் நிரம்பி வழிகிறது என்பதும் உண்மை. ஏரி போனால் ஊர் போச்சு என்பதும் உண்மை. பெரிய குளத்தைச் சுற்றியே ஊராகி, குளத்தின் பெயரையே ஊர்ப் பெயராக வைத்துக்கொண்ட எங்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே புரியும்.

வானத்தில் நேரத்தைச் சுருக்க, தரையில் இடம் வேணும். அந்த இடம் எப்போதும் யாருடையதாகவோ இருக்கிறது. யாருடைய நேரம் மிச்சமாகிறது, யாருடைய இடம் போகிறது என்று இரண்டையும் சேர்த்துக் கேட்பதுதான் நேர்மையான கணக்கு. ஆர்க்னி மாதிரி சின்ன விமானம், சின்ன ஓடுபாதை, அடிக்கடி சேவை, தீவுக்காரர்களுக்கு ஒதுக்கிய சீட்டு என்று யோசித்தால் தரையை அதிகம் தின்னாமலேயே காத்திருப்பைக் குறைக்க முடியும். இரண்டரை கி.மீ ஓடுபாதையை விட, தினமும் தவறாமல் வரும் இரண்டாவது சின்ன விமானம் தீவுக்காரருக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

தீவுக்குக் கிளம்புகிறீர்களா? இதை முடிச்சுட்டு கிளம்புங்க!

* தூரத்தைப் பார்க்கும் முன், வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு விமானம் என்று பாருங்க. 'பறக்கும் நேரம்' என்ற எண்ணை மறந்துடுங்க.

* லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி கட்டாயம். அது கையில் வராமல் டிக்கெட் போடாதீங்க. அந்தமானுக்கு இந்தியர்களுக்கு அப்படி அனுமதி தேவையில்லை. பழங்குடிப் பகுதிகளுக்குள் மட்டும் போகக் கூடாது.

* திரும்பி வந்த மறுநாளே பரீட்சை, இன்டர்வியூ, கல்யாணம் என்று வச்சுக்காதீங்க. குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேணும்.

* மாறி ஏறும் விமானங்களை முடிந்தவரை ஒரே டிக்கெட்டாகப் பதிவு செய்யுங்க. தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது நஷ்டம் உங்க தலையில்.

* தினசரி மாத்திரைகளை இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாக, கைப்பையில் வையுங்க.

* மே பாதியிலிருந்து செப்டம்பர் வரை லட்சத்தீவுக் கடல் முரடு. படகுப் பயணம் நடக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீங்க.

அண்ணன் காரியம் முடிந்து பதினாறாம் நாள் கழித்து மறுபடி போர்ட் பிளேருக்குக் கிளம்பினார். அம்மா மட்டும் வீட்டில். கிளம்பும் முன் என்னிடம், "நீ பத்திரிகையில இருக்கியே, ஒண்ணு பார்த்துச் சொல்லேன்" என்றார். தூரம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இது: "அங்கேர்ந்து சென்னைக்குக் கடைசி பிளைட் எத்தனை மணிக்குப்பா?"

பார்த்துச் சொன்னேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பர்ஸில் அப்பா போட்டோவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.